மைனர் சண்டித்தனம் பண்ணினால்: முற்றத்தில் வைத்தே பிழை பிடிப்பது

எங்கள் வேப்பமரத்தடியில் நிற்பது 1098 சீசீ மொறிஸ் மைனர். 2012இல் வவுனியாவில் வாங்கியது. அதற்கு முந்திய மைனர் அப்பாவுடையது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத வன்னியில் மண்ணெண்ணெய் குடித்து ஓடிய கார். 2009இல் இடம்பெயர்ந்தபோது வழியில் விட்டுவிட்டு வந்தோம். அதனாலோ என்னவோ, இப்போது இருப்பதைக் கராஜில் கொண்டுபோய் விட மனம் வருவதில்லை. விட்டாலும் பெரிய பயனில்லை. இந்தக் காலத்துப் பெடியளுக்குப் பொயின்ற் (பிளக் நெருப்புக்காகத் திறந்து மூடும் சிறு தொடுப்பு) என்றால் என்னவென்று தெரியாது. கொம்பியூற்றர் செருகும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒருவன் உண்மையாகவே காருக்குக் கீழே குனிந்து தேடினான்.

1948இலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை 16 இலட்சம் அளவில் செய்யப்பட்ட கார் இது. ஒளிப்பதற்கு இதனிடம் ஒன்றுமில்லை. பொனற்றைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை போகும். ஆனால் திறக்க முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: கார் எப்படி நின்றது? விளக்கை ஊதி அணைத்தமாதிரிச் சட்டென்று நின்றதென்றால் கரண்ட் பக்கம் பாருங்கள். இருமி, இழுத்து, மூச்சு வாங்கி நின்றதென்றால் பெற்றோல் பக்கம். இது தெரியாமல் ஸ்பனரைத் தூக்கினால் காசும் நாளும் போகும். எனக்குப் போன கதை கீழே வருகிறது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். அங்குல ஸ்பனர் ஒரு செற் (7/16, 1/2, 9/16 தான் அடிக்கடி தேவைப்படும்), திருப்புளி இரண்டு, குறடு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ஒரு மல்ற்றிமீற்றர். இரண்டு வயர் பற்றவைத்த 12 வோல்ற் பல்ப் ஒன்றும் இருந்தால் மீற்றரைவிட அதுவே கூட உதவும். மில்லிமீற்றர் ஸ்பனர் போடாதீர்கள். 13 ஆம் இலக்கம் அரை அங்குல நட்டில் பொருந்துவது போலத்தான் இருக்கும். இறுக்கமான நட்டில் ஒருமுறை வழுக்கினால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான்.

திறப்பைத் திருப்பினால் மூச்சே இல்லை

முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். விளக்கு அப்படியே செத்துப்போனால் பற்றறியில் சார்ஜ் இல்லை, அல்லது முனையில் பிழை. விளக்கு மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் ஸ்ராட்டருக்குக் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம்.

முதலில் பற்றறி முனைகள். வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, அரத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். மீற்றரில் 12.6 வோல்ற் காட்டினால் பற்றறி நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் சார்ஜுக்குப் போட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில் பற்றறியின் நேர் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இப்போதைய வாகனங்களுக்கு நேர்மாறு. பற்றறியைக் கழற்றி சார்ஜுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போடும்போது பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டுவிடுவார்கள். பின்னாளில் யாராவது மறைமுனைக்கு மாற்றியும் வைத்திருக்கலாம். ஆகவே கழற்ற முன்னமே எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று பார்த்து வையுங்கள். போன் சார்ஜர் செருகவென்று கடையில் விற்கும் சொக்கற்றை அப்படியே உடம்பில் பூட்டினால் கரண்ட் தலைகீழாகப் போகும். எனக்கு ஒரு சார்ஜர் புகைந்த பிறகுதான் இது உறைத்தது.

அடுத்தது எஞ்சினையும் உடம்பையும் இணைக்கும் பட்டை வயர். இதை யாரும் கவனிப்பதில்லை. அது துருப்பிடித்து அறுந்திருந்தால் ஸ்ராட்டர் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். பெரும்பாலும் சொக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணப் பெற்றோலைக் கூட்டுவது) கேபிள்தான் வழி. ஒருநாள் ஸ்ராட் பண்ணிவிட்டுச் சொக்கைத் தள்ளக் கையை வைத்தேன், குமிழ் சுட்டது. கேபிளின் உறை உருகி ஒட்டியிருந்தது. அதைக் கண்டால் சொக்கைத் திட்டாதீர்கள், பட்டையை மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் மீற்றரின் ஒரு முனையை எஞ்சினிலும் மற்றதைப் பற்றறியின் நேர் முனையிலும் வைத்து, ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேலே காட்டினால் அந்த வழியில் எங்கோ தொடுப்பு சரியில்லை.

“டக்” என்று ஒரு சத்தம், அதன் பிறகு அசைவே இல்லை என்றால் ஸ்ராட்டரின் பல்லு எஞ்சினின் பல்லில் சிக்கியிருக்கும். திறப்பை எடுத்துவிட்டு, மூன்றாம் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடுபடும் சத்தம் கேட்கும். ஸ்ராட்டரின் வெளிமுனையில் ஒரு சிறு மூடிக்குள்ளே சதுரத் தலை இருக்கும். அதை ஸ்பனரால் திருப்பியும் விடுவிக்கலாம்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

முதலில் பிளக்குக்கு நெருப்பு, அதாவது மின்பொறி, வருகிறதா என்று பாருங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்து ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். காய்ந்த துணியாலோ காய்ந்த மரக்குறடாலோ பிடியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கையே சொல்லித்தரும். நீலமாக, படக்குப் படக்கென்று சத்தத்தோடு பாய்ந்தால் நெருப்பு நல்லது, பெற்றோலுக்குப் போகலாம். மஞ்சளாக, மெலிந்து பாய்ந்தாலோ ஒன்றுமே இல்லை என்றாலோ பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைத் திறக்க வேண்டும்.

மாரி காலமென்றால் பாதிக் கதை டிஸ்ரிபியூற்றர் மூடியிலேயே முடிந்துவிடும். உள்ளே வேர்த்திருக்கும். துணியால் துடைத்து வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள். வெயில் இல்லையென்றால் அடுப்புக்குப் பக்கத்தில், ஆனால் அடுப்புக்கு மேலே அல்ல. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சில மூடிகளில் தலைமயிர் போலக் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். நெருப்பு அந்தக் கோட்டு வழியே களவாக இறங்கிவிடும். அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். மூடியின் நடுவே உள்ள கரிக்குச்சி தேய்ந்திருக்கிறதா, உள்ளே போய்ச் சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிறகு பொயின்ற். அது முழுதாகத் திறந்து நிற்கும் இடம் வரும்வரை எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றுங்கள். முன்னால் பம்பருக்கு நடுவே கைப்பிடி போடும் ஓட்டை இருக்கிறதே, இந்தக் காரைத் திருத்துபவருக்குக் கிடைத்த வரம் அது. இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்திலொன்று ஒரு தவ்), அதாவது 0.38 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். கேஜ் இல்லாத நாளில் ஒரு கலியாணக் கார்ட்டைச் செருகி அளந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். அது வீடு வந்து சேர மட்டும்தான். வந்ததும் கேஜ் வைத்துச் சரிபார்த்தேன். முகம் கறுத்திருந்தால் அரத்தாளை ஒருமுறை இழுத்தால் போதும். முகம் நீலம் பாய்ந்து எரிந்திருந்தால், பொயின்ற் எரியாமல் காக்கும் கொன்டென்சரைச் சந்தேகியுங்கள். பிளக்கின் இடைவெளி 25 தவ், 0.64 மில்லிமீற்றர்.

பல்ப் இங்கேதான் உதவும். அதன் ஒரு வயரை டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வயரின் முனையிலும் மற்றதை உடம்பிலும் வைத்து, திறப்பைப் போட்டு, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். பொயின்ற் திறக்கும்போது எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பொயின்ற் தொடவில்லை. எரியவே இல்லை என்றால் கொயில்வரை (நெருப்புக்கு வேண்டிய உயர் வோல்ற்றைத் தருவது) கரண்ட் வரவில்லை, அல்லது டிஸ்ரிபியூற்றருக்குள் எங்கோ உடம்பில் முட்டுகிறது. உள்ளே பொயின்ற்றுக்குப் போகும் சிறு வயரை விரலால் வளைத்துப் பாருங்கள். பொயின்ற் நிற்கும் தட்டு அசைய அசைய அந்த வயரும் அசைந்து, உறை நன்றாக இருக்க உள்ளே கம்பி மட்டும் அறுந்துபோகும். கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

நெருப்பு சரி, பிடிக்கவில்லை என்றால் பெற்றோல். திறப்பைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். மைனரின் பெற்றோல் பம் கரண்டில் ஓடுவது. டிக் டிக் டிக்கென்று வேகமாகத் தட்டி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கபுரேற்றர் நிறைந்ததும் ஓய வேண்டும். சத்தமே இல்லை என்றால் திருப்புளியின் பிடியால் பம்மை மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் ஓடத் தொடங்கினால் உள்ளே இருக்கும் அதன் பொயின்ற் அழுக்கு. இன்றைக்கு ஓடும், நாளைக்கு நிற்கும், கழற்றித் துடைத்துவிடுங்கள். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றில் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது வழியில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கபுரேற்றர் நிரம்பி வழிகிறது. மூன்றாவது என்றால் மூக்கே சொல்லும். அந்த நேரத்தில் சுருட்டு, பீடி, தீப்பெட்டி எல்லாம் படலைக்கு வெளியே.

ஏழெட்டுக் கட்டை (மைல்) ஓடுகிறது, நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

இதுதான் என்னை மூன்று கிழமை அலைக்கழித்தது. மாரி விட்ட தை மாதம். அம்மாவைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய்க் கண் காட்டிவிட்டுப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் வந்துகொண்டிருந்தேன். தருமபுரம் தாண்டும்போது கார் இருமத் தொடங்கியது. இரண்டு தரம் இழுத்தது, சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. இறங்கிப் பொயின்ற்றைச் சுரண்டினேன். கால் மணித்தியாலம் போயிருக்கும். ஸ்ராட் பண்ணினேன், பிடித்தது. என்னைப்போலக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அடுத்த முறையும் அதே தூரத்தில் நின்றது. கொன்டென்சர் மாற்றினேன். பிறகு கொயில் மாற்றினேன். சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்க்கும் கொயில் உண்டு, ஆகவே அதுதான் என்று அடித்துச் சொன்னேன். வாங்கிப் போட்ட புதுக் கொன்டென்சரும் பழுதாக இருக்கும் என்று இன்னொன்றும் வாங்கினேன். காரோ ஒவ்வொரு முறையும் இருமி, இழுத்துத்தான் நின்றது. அது பெற்றோல், பெற்றோல் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

கடைசியில் உழவு மெசினில் வந்த ஒரு பெடியன் நிறுத்தினான். “என்ன அண்ணை, நிண்டுட்டுதோ? ராங்க் மூடியைத் திறந்து பாத்தனியளோ?” திறந்தேன். ஸ்ஸ்ஸ் என்று தாங்கி நெடுமூச்சு இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே, வட்டமாக, ஓரம் பிசகாமல் வெட்டிய லஞ்ச் ஷீற் (சோற்றுப் பொதி கட்டும் பொலித்தீன் தாள்) ஒன்று. பின்சீற்றிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “மழைத்தண்ணி இறங்குது எண்டு நான்தான் வெட்டி வச்சனான். ஏன், அதில என்ன பிழை?”

பிழை இதுதான்: மூடியில் காற்றுப் போக ஒரு சிறு வழி இருக்கிறது. பெற்றோல் வெளியே போகப் போக அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். வழியை அடைத்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பம்மால் இழுக்க முடியாமல் போகும். காரை நிறுத்திவைத்தால் ஓரங்களால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், கார் மறுபடி ஓடும். ஆறியதால் ஓடுகிறது என்று நாம் நினைப்போம்.

ஆகவே இந்தக் குணம் உள்ள கார் நின்றதும், அந்த நிமிடமே, ஆற முன்னமே மூன்று காரியம் செய்யுங்கள். மூடியைத் திறந்து மூச்சு இழுக்கிறதா கேளுங்கள். பிளக் வயரில் நெருப்பைப் பாருங்கள். பம் தட்டுகிறதா கவனியுங்கள். நெருப்பு இல்லை, கொயில் கைவைக்க முடியாமல் சுடுகிறது என்றால் ஈரத்துணியைச் சுற்றுங்கள். சில நிமிடத்தில் நெருப்பு வந்தால் கொயில்தான் குற்றவாளி. நெருப்பு உண்டு, மூடியும் சரி, பம் வீணாகத் தட்டுகிறது என்றால் எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகியிருக்கலாம். சித்திரை வெயிலில் நெரிசலில் நின்று நின்று போனால் இது வரும். அதே ஈரத்துணியைப் பம்மிலும் குழாயிலும் போட்டுப் பாருங்கள். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாமே சரியாக இருக்கும், ஒன்றும் பிடிபடாது.

கொதிக்கிறது

சுடச்சுட ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். அரை மணித்தியாலம் பொறுங்கள்.

வன்னியில் முதற் காரணம் வெளியேதான் இருக்கும். வெட்டுக்காலத்தில் பதரும் வைக்கோல் தூசும், மற்ற நாளில் கிரவல் புழுதியும் பூச்சிகளும் ரேடியேற்றரின் இடுக்குகளில் அப்பியிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். ஃபான் பெல்ற்றை நடுவில் அமத்தினால் அரை அங்குலம் இறங்கலாம், கூடினால் இறுக்குங்கள். உள்ளே ஊற்றுவது மழைத்தண்ணீராக இருந்தால் நல்லது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் என்ன செய்கிறதோ அதையேதான் ரேடியேற்றருக்குள்ளும் செய்யும். எண்ணெய் பார்க்கும் கம்பியில் பால்தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஹெட் கஸ்கெற் (எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அதன்பிறகு ஓட்டவே வேண்டாம்.

இன்னொன்று, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்கே உரியது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் தட்டும், அதனால் ரைமிங்கை, அதாவது நெருப்புப் பாயும் நேரத்தை, பின்னே தள்ளி வைப்பார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்தது. ரைமிங்கை முன்னே கொண்டுவர எத்தனை பேருக்கு ஞாபகம் வந்ததோ! நான் வாங்கியபோது இந்தக் காரும் அப்படித்தான் இருந்தது. மேட்டில் இழுவை இல்லை, எப்போது பார்த்தாலும் சூடு. டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் விரலால் திருப்பும் சிறு திருகு உண்டு, ஏ (முன்னே), ஆர் (பின்னே) என்று குறியிட்டிருக்கும். ஏ பக்கம் கொஞ்சம் திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் திருப்புங்கள். ஏற்றத்தில் அமத்தும்போது கிணுகிணு என்று தட்டத் தொடங்கினால் அளவு தாண்டிவிட்டது, தட்டல் மறையும்வரை திரும்பி வாருங்கள். அன்றைக்கு இந்தக் கார் புதுக் கார் மாதிரி இழுத்தது. காசு ஒரு சதமும் செலவில்லை.

புகை

கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதல்: சொக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது காற்று வடிகட்டி புழுதியால் அடைத்திருக்கிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, எஞ்சின் இறக்கக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். விடியற்காலை கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் அது பனி, விட்டுவிடுங்கள்.

பிறேக் இறங்குகிறது

மிதித்தால் ஆழமாக இறங்கி, இரண்டாம் முறை மிதிக்க மேலே வந்தால் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று என்று இறுக்கும் திருகுகள் உண்டு. சில்லு பிடிக்கும்வரை இறுக்கி, தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் திரும்ப இளக்குங்கள். அமத்தியபடி வைத்திருக்க மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மிதிப்பை எண்ணெய் அழுத்தமாக்கும் மாஸ்ரர் சிலிண்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. இந்தக் காரில் அது சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். விரிப்பை விலக்கினால் எண்ணெய் விடும் மூடி தெரியும். பொனற்றுக்குள் தேடித் தேடிக் களைத்தவர்கள் பலர்.

பிறேக் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். இல்லாத காலத்தில் எதையெதையோ ஊற்றி ஓட்டினோம். எஞ்சின் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் றப்பர் ஊதிப்போகும், பிறேக் பிடித்தால் விடாது, பிறகு பிடிக்கவே பிடிக்காது. கலியாணக் கார்ட் வைத்தியம் எல்லாம் பிறேக்கில் வேண்டாம்.

முன்சில்லில் கட கட

மைனரில் எனக்குப் பயம் என்றால் இது ஒன்றுதான். முன்சில்லைத் தாங்கும் கால், மேலும் கீழும் மரை போட்ட கட்டைகளில் திருகி நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் புழுதியில் ஓடினால் மரை தேயும். தேய்ந்து முடிந்த ஒரு நாளில் கீழ்க்கட்டை கழன்று சில்லு பக்கவாட்டில் மடிந்து விழும். ஜாக் போட்டு, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஆட்டம் இல்லையென்றாலும் மாதம் ஒருமுறை, கிரவல் வீதியில் கூட ஓடினால் அதைவிட அடிக்கடி, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே பிதுங்கிப் புதியது தெரியும்வரை கிறீஸ் கன்னால் அடியுங்கள்.

வவுனியாப் பக்கம் போகும்போது முறிகண்டியில் எல்லாரையும் போல நானும் நிறுத்துவேன். அம்மா தேங்காய் உடைக்கப் போவார், பிள்ளைகள் கச்சான் கடைக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் நான் நான்கு சில்லையும் சுற்றி வந்து, நடுத் தட்டில் புறங்கையை மெல்ல வைத்துப் பார்ப்பேன். நான்கும் ஒரே சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அந்தச் சில்லில் பிறேக் பிடித்தபடி இருக்கிறது, அல்லது பெயாரிங் போகப்போகிறது. போனமுறை இடது பின்சில்லு சுட்டது. கச்சான் முடியமுன்னமே ஜாக்கைப் போட்டுத் திருகை ஒரு கால் சுற்று இளக்கிவிட்டேன்.